கொள்ளை நகைச்சுவைத் திரைப்படம்

கொள்ளை நகைச்சுவைத் திரைப்படம் என்பது, பணத்தையோ நகையையோ ஆளையோ தூக்கத் திட்டம் போடும் ஒரு கும்பலின் கதையை, அந்தத் திட்டம் குலைந்துபோகும் விதத்தைக் காட்டியே சிரிக்கவைக்கும் திரைப்பட வகை. குற்றப்படங்களில் பார்வையாளர் கண்டு பழகிய காட்சிகளான திட்டக்கூட்டம், ஆளுக்கொரு வேலை, கடிகாரத்தை ஒத்துப்பார்த்தல், பங்கு பிரிப்பு ஆகியவற்றை இவ்வகை அப்படியே எடுத்துக்கொண்டு தலைகீழாக்குகிறது. மேலைநாட்டுப் படங்களில் இதன் இயல்பான களம் வங்கி. தமிழில் அது பெரும்பாலும் வீட்டு இரும்புப்பெட்டி, அமைச்சரின் மகன், பணக்கார மாமாவின் பங்களா என்று வடிவம் மாறியது. ‘காசேதான் கடவுளடா’ (1972), ‘சூது கவ்வும்’ (2013), ‘மூடர் கூடம்’ (2013) ஆகியவை தமிழில் இவ்வகையின் முதன்மைப் படங்கள்.

சொல்லும் வரையறையும்

பகடி, நையாண்டி, எள்ளல் ஆகியவை இலக்கிய வழக்கு. திரையரங்கு வாசலில் புழங்கும் சொல் கலாய்ப்பு. திருட்டுக்கும் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. சுடுவது, அமுக்குவது, லவட்டுவது, ஆட்டையைப் போடுவது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுத் திருட்டைக் குறிக்கும். திட்டமிடுவதற்குச் சென்னைப் பேச்சில் ‘ஸ்கெட்ச் போடுவது’ என்பார்கள். ஆனால் இவ்வகைக்கு உயிரான சொல் ‘சொதப்பல்’. வெறும் தோல்வி அல்ல சொதப்பல். கைக்கு எட்டும் தூரத்தில் வந்ததைத் தன் கோணலாலேயே கெடுத்துக்கொள்வது அது. கொள்ளை வெற்றி பெற்றால் அது சாகசப்படம்; தோற்றுத் துயரத்தில் முடிந்தால் குற்றப்படம்; சொதப்பினால் கொள்ளை நகைச்சுவை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் களங்களை நான்காகப் பிரிக்கிறது. பிறரை இகழ்ந்து சிரிப்பது, இளமையின் விளையாட்டு, அறியாமை, அறிவு மழுங்கிய மடமை ஆகியவை அவை. கொள்ளை நகைச்சுவை இந்த நான்கையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொள்ளும். கும்பலில் ஒருவன் வயதுக்கோளாறில் வந்திருப்பான். ஒருவனுக்கு எதுவும் தெரியாது. ஒருவனுக்குச் சொன்னாலும் ஏறாது. மூவரையும் வைத்துப் பெரிய நாயகப் படங்களை எள்ளுவது இயக்குநரின் வேலை.

உலகப் பின்னணி

கேலிக்கு ஒரு பொருள் இருந்தால்தான் கேலி செய்ய முடியும். ஜான் ஹூஸ்டனின் ‘தி ஆஸ்பால்ட் ஜங்கிள்’ (1950) என்ற அமெரிக்கப் படமும், ஜூல்ஸ் தஸ்ஸேன் பிரான்சில் இயக்கிய ‘ரிஃபிஃபி’யும் (1955) தீவிரமான கொள்ளைப் படத்துக்கு இலக்கணம் வகுத்தன. ‘ரிஃபிஃபி’யில் நகைக்கடையை உடைக்கும் அரைமணி நேரக் காட்சியில் வசனமும் இல்லை, இசையும் இல்லை.

இங்கிலாந்தின் ஈலிங் படநிறுவனம் அதற்கு முன்பே சிரிப்பின் பக்கம் வந்துவிட்டது. சார்லஸ் கிரிக்டன் இயக்கிய ‘தி லாவெண்டர் ஹில் மாப்’ (1951) படத்தில் அலெக் கின்னஸ் ஏற்ற பாத்திரம், தங்கக்கட்டிகளைக் காவலோடு கொண்டுசெல்லும் சாதுவான வங்கி ஊழியர். கொள்ளையடித்த தங்கத்தை உருக்கி ஈஃபிள் கோபுரப் பொம்மைகளாக வார்த்து நாடு கடத்துகிறார்கள். தங்கப் பொம்மைகள் தவறுதலாகப் பள்ளிச் சிறுமிகளுக்கு விற்கப்பட்டுவிட, திட்டம் அங்கே சரிகிறது.

இத்தாலியில் மரியோ மோனிச்செல்லி 1958இல் எடுத்த படம், தமிழில் சொன்னால் ‘வழக்கமான அந்த யாரோ சிலர்’ என்று பொருள்படும் தலைப்புடையது. ‘ரிஃபிஃபி’யை நேரடியாகப் பகடி செய்த படம் இது. ரோம் நகரத்துக் கைதேராத திருடர்கள் சிலர், பூட்டிக்கிடக்கும் வீட்டுக்குள் புகுந்து, பக்கத்து அடகுக்கடையை அடையச் சுவரை இடிக்கிறார்கள். இடித்தது வேறு சுவர். மறுபக்கம் தெரிவது அதே வீட்டுச் சமையலறை. அங்கே இருந்த பாஸ்தாவையும் கொண்டைக்கடலையையும் தின்றுவிட்டுக் கலைகிறார்கள். இவ்வகையில் பின்னால் வந்த படங்களில் பாதிக்கு மேல் அந்தச் சமையலறையில் பிறந்தவை என்று சொல்லிவிடலாம்.

வங்கிக் கொள்ளையை நேராகக் கலாய்த்தது வுடி ஆலனின் ‘டேக் த மணி அண்ட் ரன்’ (1969). ஒரு குற்றவாளியின் வாழ்க்கையை ஆவணப்படம் போலச் சொல்லும் படம் அது. வங்கிக்குள் நுழைந்து துண்டுச்சீட்டு நீட்டுகிறான் திருடன். துப்பாக்கி வைத்திருப்பதாக அதில் எழுதியிருக்கிறான். ஆனால் கையெழுத்து புரியவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று ஊழியர்கள் கூடிப் பேசத் தொடங்குகிறார்கள். கொள்ளை, அலுவலக நடைமுறைக்குள் சிக்கிக்கொள்கிறது.

இந்தியில் நேரடியாக வங்கியைக் களமாகக் கொண்ட நகைச்சுவை ‘பேங்க் சோர்’ (2017). ரித்தேஷ் தேஷ்முக், விவேக் ஓபராய் நடித்தது.

தமிழில் முன்வடிவங்கள்

‘களவும் கற்று மற’ என்பது பழமொழி. களவைக் கற்பிக்கும் காட்சி தமிழுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலன்மீது பழிபோடும் பொற்கொல்லன், காலம், இடம், கருவி, தந்திரம் முதலாகக் கள்வருக்குத் துணைசெய்யும் எட்டையும் காவலருக்கு விரித்துச் சொல்கிறான். கொள்ளைப் படங்களில் கரும்பலகை முன் நடக்கும் திட்ட விளக்கத்துக்கு இதைவிடப் பழைய மாதிரி காட்டுவது கடினம். அங்கே அந்தப் பேச்சு ஒரு நிரபராதியின் உயிரைக் குடிக்கிறது. அதே பேச்சைச் சிரிப்பாக்கியது திரைப்படம்.

சொதப்பும் கும்பலின் முன்வடிவம் வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். எல்லாம் தெரிந்ததாகத் தோன்றும் ஒரு குரு. குருவின் சொல்லைச் சீடர்கள் எழுத்துப்பிசகாமல் பின்பற்றுவதால் வரும் விபரீதம். வழிகாட்டி ஒருவர், அவருடைய விதிகள், அவற்றைக் கெடுக்கும் சகாக்கள் என்ற இந்த அமைப்பு கொள்ளை நகைச்சுவைக்கு அப்படியே பொருந்தும். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர்.

காசேதான் கடவுளடா (1972)

தமிழ்த் திரையில் இவ்வகையின் முதல் முழுப்படம் என்று சொல்லத்தக்கது ‘சித்ராலயா’ கோபு இயக்கி ஏவிஎம் தயாரித்த ‘காசேதான் கடவுளடா’. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தின் நகைச்சுவைக்கு எழுத்தில் தோள்கொடுத்தவர் கோபு. ‘காசேதான் கடவுளடா’ கதை மேடை நாடகமாகப் பிறந்தது. முத்துராமன், ஸ்ரீகாந்த், லட்சுமி, மனோரமா, தேங்காய் சீனிவாசன், வெண்ணிற ஆடை மூர்த்தி ஆகியோர் நடித்தனர். இசை எம்.எஸ். விஸ்வநாதன்.

கொள்ளையடிக்கப்படுவது சொந்த வீடு. சித்தியாக வரும் மனோரமாவின் கையில் வீட்டுச் சாவியும் பணமும். செலவுக்குக்கூடக் கைநீட்டி நிற்கும் இளைஞர்கள், டீக்கடைக்காரராக வரும் தேங்காய் சீனிவாசனுக்குக் காவி கட்டிச் சாமியாராக்கி வீட்டுக்குள் அனுப்புகிறார்கள். பூட்டைத் திறக்கக் கள்ளச்சாவி தேவைப்படவில்லை. சித்தியின் பக்தியே சாவி. தேங்காய் சீனிவாசனின் நடிப்பு வாழ்க்கையில் இந்தப் போலிச் சாமியார் வேடத்துக்குத் தனி இடம் உண்டு.

14 பெரிய தனியார் வங்கிகள் 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையாகி மூன்றாண்டுகள் ஆன நேரம் அது. ஆனாலும் தமிழ்ப் படத்தில் பணம் வங்கியில் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்புப்பெட்டியில் இருந்தது. எனவே கொள்ளையும் குடும்பச் சண்டையின் நீட்சியானது. மாட்டிக்கொண்டால் போலீஸ் வருவதைவிட, உறவுக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே பெரிய பயம். தமிழ்க் கொள்ளை நகைச்சுவையின் அடிப்படைக் குணம் இங்கேயே அமைந்துவிட்டது.

இடைக்காலம்

மணிரத்னத்தின் ‘திருடா திருடா’ (1993) சிரிப்பும் துரத்தலும் கலந்த பெருஞ்செலவுப் படம். புதிதாக அச்சடித்த 1000 கோடி ரூபாய் நோட்டு காணாமல் போகிறது. பிரசாந்தும் ஆனந்தும் நடித்த இரண்டு சில்லறைத் திருடர்கள் அதற்குள் சிக்குகிறார்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியம் சிபிஐ அதிகாரியாக நடித்தார். இசை ஏ.ஆர். ரகுமான், ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். சின்னத் திருடனின் கையில் அளவுக்கு மீறிய பணம் என்ற வேடிக்கை படத்தில் உண்டு. ஆனால் அது குற்றப்படத்தைக் கேலி செய்யவில்லை. அதன் சாகசத்தில் தானும் மகிழ்ந்தது.

முழுநீளப் பகடிக்கு வாசல் திறந்தது சி.எஸ். அமுதன் இயக்கிய ‘தமிழ்ப் படம்’ (2010 ஜனவரி 29). மிதிவண்டி மிதிக்கும் நேரத்தில் சிறுவன் பெரியவனாகிவிடும் வழக்கத்தையும், ஊரை ஆட்டிப்படைக்கும் முகம் தெரியாத தாதாவையும் சிவாவின் சலனமற்ற முகத்தைக் கொண்டு கலாய்த்தது. ‘டி’ என்ற அந்தத் தாதா யார் என்று பார்த்தால், நாயகனின் பாட்டி. பரவை முனியம்மா அந்தப் பாத்திரத்தை ஏற்றார். குற்றப்படத்தின் உச்ச மர்மத்தை ஒரு கிழவியின் சுருக்குப்பைக்குள் போட்டு முடிந்துவிட்டது படம். தங்கள் நாயகர்களைக் கேலி செய்தாலும் மக்கள் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்பது அதன் வெற்றியில் உறுதியானது.

அடுத்த ஆண்டு வந்த தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ (2011) நகைச்சுவைப் படம் அல்ல. ஆனால் தாதாவை முதுமையோடும் இயலாமையோடும் காட்டி, குற்றப்படத்துக்குள் கறுப்பு நகைச்சுவை புழங்க இடம் உண்டென்று காட்டியது.

2013: ஒரே ஆண்டில் இரண்டு படங்கள்

சூது கவ்வும்

நலன் குமரசாமியின் முதல் படமான ‘சூது கவ்வும்’ 2013 மே 1 அன்று வெளியானது. குறும்படங்கள் வழியாகத் திரைக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் நலன். தயாரித்தது சி.வி. குமாரின் திருக்குமரன் எண்டர்டெயின்மெண்ட். ‘அட்டகத்தி’, ‘பீட்சா’ (இரண்டும் 2012) ஆகியவையும் இந்நிறுவனத்தின் படங்களே. சந்தோஷ் நாராயணன் இசை, தினேஷ் கிருஷ்ணன் ஒளிப்பதிவு. விஜய் சேதுபதி, பாபி சிம்ஹா, அசோக் செல்வன், ரமேஷ் திலக், கருணாகரன், சஞ்சிதா ஷெட்டி, எம்.எஸ். பாஸ்கர், யோக் ஜேபி ஆகியோர் நடித்தனர்.

ஆள்கடத்தலைத் தொழிலாக வைத்திருப்பவன் தாஸ் (விஜய் சேதுபதி). நரைத்த தாடி, தொய்ந்த உடை. கண்ணுக்குத் தெரியாத ஷாலு என்ற காதலியோடு பேசிக்கொண்டே திரிகிறான். அவள் அவனுக்கும் பார்வையாளருக்கும் மட்டும் தெரிவாள். தமிழ்ப் பட நாயகிக்குக் கதையில் வேலை இருக்காது என்ற பழைய குறையை, அவளைக் கற்பனையாகவே ஆக்கிக் கலாய்த்துவிடுகிறார் இயக்குநர். தாஸோடு சேரும் மூன்று இளைஞர்களும் ஊரோடு ஒட்டாமல் உதிர்ந்தவர்கள். ஒருவன் நடிகை நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரைவிட்டு ஓடிவந்தவன். ஒருவன் கணினி நிறுவன வேலையைப் பறிகொடுத்தவன். மற்றவன் நட்சத்திர ஓட்டல் வேலையிலிருந்து துரத்தப்பட்டவன்.

தாஸின் தொழிலுக்கு ஐந்து விதிகள் உண்டு. அதிகாரத்தில் இருப்பவர்கள் மேல் கைவைக்கக் கூடாது, யாரையும் காயப்படுத்தக் கூடாது, பேராசைப்படக் கூடாது, சொதப்பினால் கூச்சப்படாமல் பின்வாங்கிவிட வேண்டும் என்பது அவற்றின் சாரம். லஞ்சம் வாங்க மறுக்கும் நேர்மையான அமைச்சரின் மகனைக் கடத்த ஆள் கேட்டு ஒருவன் வரும்போது முதல் விதியே உடைகிறது. கடத்தப் போனால், அந்த மகன் அருமை (கருணாகரன்) தன்னைத்தானே கடத்திக்கொண்டு அப்பாவிடம் பணம் பறிக்கத் திட்டமிட்டிருக்கிறான். கடத்தியவனும் கடத்தப்பட்டவனும் கூட்டாளிகளாகிப் பங்கு பேசுகிறார்கள். பணம் கைக்கு வந்ததும் வண்டிக்குள்ளேயே சண்டை, வண்டி கவிழ்கிறது. விபத்தில் ‘இறப்பது’ கற்பனைக் காதலி ஷாலு.

கும்பலைப் பிடிக்க வரும் காவல் அதிகாரி பிரம்மா பேசவே மாட்டார். என்கவுண்டர் போலீஸ் என்ற பாத்திரத்தின் பயங்கரம் முழுவதையும் தாங்கி வருபவர், கடைசியில் இடுப்புக்குப் பின்னால் செருகிய கள்ளத்துப்பாக்கி தானாக வெடித்துப் புட்டத்தில் குண்டு வாங்குகிறார்.

படத்தின் கூர்மையான எள்ளல் முடிவில் இருக்கிறது. கட்சிக்குப் பணம் சேர்த்துத் தராத நேர்மையான அப்பாவை ஓரங்கட்டிவிட்டு, திருட்டுப் புத்தியுள்ள மகனை வேட்பாளராக்குகிறது தலைமை. மகன் அமைச்சராகிறான். கும்பலில் இருவர் அவனோடு போகிறார்கள். தாஸோ தன் சின்ன விதிகளோடு சின்னக் கடத்தலுக்கே திரும்புகிறான். பெரிய கொள்ளைக்கு முகமூடி வேண்டாம், வேட்பு மனு போதும் என்கிறது படம்.

தலைப்பு பாரதியாரின் ‘பாஞ்சாலி சபத’த்திலிருந்து வந்தது. சூது தற்காலிகமாகப் பற்றினாலும் அறம் மீண்டும் வெல்லும் என்பது அங்கே வரும் கருத்து. தலைப்புக்கு முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டதிலேயே பகடி தொடங்கிவிடுகிறது.

கானா பாலா பாடிய ‘காசு பணம்’ பாடல் தெருவெங்கும் ஒலித்தது. தெலுங்கில் ராஜசேகர் நடிக்க ‘கட்டம் கேங்’ (2015) என்று மறுஆக்கம் ஆனது. ‘சூது கவ்வும் 2: நாடும் நாட்டு மக்களும்’ என்ற தொடர்ச்சி எஸ்.ஜே. அர்ஜுன் இயக்கத்தில், சிவா நடிப்பில் 2024 டிசம்பர் 13 அன்று வெளியானது.

மூடர் கூடம்

நவீன் எழுதி இயக்கி நடித்த ‘மூடர் கூடம்’ 2013 செப்டம்பர் 13 அன்று வந்தது. ராஜாஜ், சென்றாயன், குபேரன், ஜெயபிரகாஷ், ஓவியா ஆகியோர் நடித்தனர். இசை நடராஜன் சங்கரன். காவல் நிலைய லாக்கப்பில் சந்திக்கும் நான்கு பேர், அவர்களில் ஒருவனுடைய பணக்கார மாமாவின் வீட்டுக்குள் புகுந்து குடும்பத்தையே பிணையாக வைத்துக் கொள்ளையடிக்கப் பார்க்கிறார்கள். படத்தின் பெரும்பகுதி அந்த ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. ‘அட்டாக் த கேஸ் ஸ்டேஷன்’ (1999) என்ற கொரியப் படம் தந்த தூண்டுதலை இயக்குநர் மறைக்கவில்லை.

இதன் தனித்த உத்தி முன்கதைகள். ஒவ்வொரு பாத்திரமும் இப்படி ஆனதற்கு ஒரு பழைய காரணம் சொல்லியாக வேண்டும் என்ற தமிழ்ப் பட வழக்கத்தை எல்லோருக்கும் நீட்டி, வீட்டு நாய்க்கும் முன்கதை வைத்தது படம். முட்டாள் என்று ஊர் முத்திரை குத்தியவர்களுக்கு வீட்டுக்காரர்களைவிட நியாயம் தெரிந்திருக்கிறது என்பது கதை நகரும் திசை. சிரிப்புக்கு நடுவே நீளமான சொற்பொழிவுகளும் வந்தது விமர்சனத்துக்கு உள்ளானது.

பின்வந்த படங்கள்

ஏ.ஜி. அமீத்தின் ‘ராஜதந்திரம்’ (2015) சில்லறை மோசடிக்காரர்கள் பெரிய கொள்ளைக்குத் துணியும் கதை. சிரிப்பைவிடத் திட்டத்தின் நுணுக்கத்தில் அக்கறை காட்டியது. தீரஜ் வைத்தியின் ‘ஜில் ஜங் ஜக்’ (2016) போதைப்பொருளைக் காரின் வண்ணப்பூச்சாக்கிக் கடத்தும் மூவரைப் பற்றியது; நாயகியே இல்லாத படம். நெல்சனின் ‘கோலமாவு கோகிலா’ (2018) நயன்தாராவின் சாந்தமான முகத்தைப் போதைக் கடத்தலின் நடுவில் வைத்துக் கும்பலின் இடத்துக்குக் குடும்பத்தைக் கொண்டுவந்தது. அவரே இயக்கிய ‘டாக்டர்’ (2021) கடத்தப்பட்ட சிறுமியை மீட்கக் குடும்பமே கும்பலாக மாறும் கதை. சூது கவ்வும் காட்டிய சலனமற்ற நகைச்சுவை, இந்தப் படங்களில் பெரிய நட்சத்திரங்களுக்கும் ஏற்ற பாணியாக நிலைபெற்றது.

வங்கி என்னும் களம்

வங்கிக் கொள்ளையைத் தமிழ்ப் படங்கள் தொட்டபோது பெரும்பாலும் சிரிக்கவில்லை. சக்தி சௌந்தர் ராஜனின் முதல் படமான ‘நாணயம்’ (2010 ஜனவரி 14), பெட்டகத்தின் பாதுகாப்பை வடிவமைத்தவனையே மிரட்டி அதை உடைக்கவைக்கும் விறுவிறுப்புக் கதை. பிரசன்னா, சிபிராஜ் நடித்தனர். ‘தமிழ்ப் படம்’ அதே மாதக் கடைசியில் வந்தது. வங்கியும் பகடியும் பதினைந்து நாள் இடைவெளியில் வந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

எச். வினோத்தின் ‘துணிவு’ (2023 ஜனவரி 11) அஜித்குமார் நடித்த முழு வங்கிக் கொள்ளைப் படம். கொள்ளையடிக்க உள்ளே போனவன், வாடிக்கையாளர் பணத்தை நிர்வாகமே சுருட்டியதை அம்பலமாக்குகிறான். அதில் ஒரு பாடலின் பெயர் ‘காசேதான் கடவுளடா’. 1972இல் சித்தியின் இரும்புப்பெட்டிக்கு வைத்த பெயர் ஐம்பது ஆண்டு கழித்து வங்கி வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதே 2023இல் கோபுவின் படமும் ஆர். கண்ணன் இயக்கத்தில், சிவா, ஊர்வசி நடிப்பில் மறுஆக்கமாக வந்தது.

வங்கி ஏன் தமிழ் நகைச்சுவைக்கு எளிதில் வசப்படவில்லை என்பதற்கு ஒரு காரணம் சொல்லலாம். மேலைநாட்டுப் படங்களில் வங்கி முகமற்ற நிறுவனம். அதைக் கொள்ளையடிப்பவன்மீது பார்வையாளருக்குக் கோபம் வராது. இங்கே வங்கி என்றால் அடகுவைத்த தாலிச்சங்கிலி, மகளுக்குப் போட்ட வைப்புத்தொகை, முதியோர் உதவித்தொகைக்கு நிற்கும் வரிசை. அங்கே புகுந்த திருடன் அடுத்த வீட்டுக்காரரின் நகையைத்தான் எடுக்கிறான். அவனைப் பார்த்துச் சிரிக்க மனம் வராது. பணக்கார மாமாவும் அமைச்சர் மகனும் அந்தச் சங்கடத்தைத் தரமாட்டார்கள்.

தூத்துக்குடிக் கரையின் பங்கு

இவ்வகைக்கும் தூத்துக்குடி மாவட்டத்துக்கும் உள்ள உறவு படப்பிடிப்பால் வந்ததல்ல, எழுத்தால் வந்தது. ‘சூது கவ்வும்’ தலைப்புக்கு உரிய பாரதியார் பிறந்தது எட்டயபுரம். ஐந்து மூடச் சீடர்களை எழுதிய வீரமாமுனிவர் ஊழியம் செய்த காமநாயக்கன்பட்டி அதற்கு அருகில்.

கடலோரம் மட்டும் எதிர்ப்பக்கத்தில் நின்றது. பகடி செய்யப்படும் தீவிரக் குற்றப்படத்துக்கு அது களம் தந்தது. ஹரி இயக்கிய ‘சிங்கம்’ (2010) படத்தின் துரைசிங்கம் இந்த மாவட்டத்து நல்லூர்க்காரர். ‘சிங்கம் 2’ (2013 ஜூலை 5) படத்தில் அவர் தூத்துக்குடிப் பள்ளியில் என்சிசி ஆசிரியர் வேடத்தில் இருந்துகொண்டே கடல்வழிக் கடத்தலை உளவு பார்க்கிறார். பேசாத பிரம்மாவும் கர்ஜிக்கும் துரைசிங்கமும் இரண்டு மாத இடைவெளியில் திரைக்கு வந்தார்கள். ஒருவர் குண்டைத் தன் மேலேயே வாங்கினார், மற்றவர் கடலைத் தாண்டியும் துரத்தினார். அந்த ஆண்டின் தமிழ்ப் பார்வையாளர் இருவரையும் ரசித்தார். பகடி வேலை செய்ய வேண்டுமானால் அசல் உயிரோடு இருக்க வேண்டும்.

உப்பளங்களும், சாகுபுரத்தின் காஸ்டிக் சோடா ஆலையும், காயல்பட்டினத்துப் பழைய வணிகத் தெருக்களும், துறைமுகமும் அடுத்தடுத்து நிற்கும் இந்தக் கரைக்குச் சொந்த வங்கியும் உண்டு. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962இல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அது. தமிழ்த் திரைத் திருடர்கள் இரும்புப்பெட்டியைத் தடவிக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஊர் வணிகர்கள் பணத்தை வங்கிக்கு மாற்றி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

நிஜம் செய்த பகடி

சில நிஜக் கொள்ளைகள் எழுத்தாளர்களின் கற்பனையை முந்திவிட்டன. 2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட ரயிலில், ரிசர்வ் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டிய சுமார் 342 கோடி ரூபாய் பழைய நோட்டுகள் இருந்தன. பெட்டியின் கூரையில் துளையிட்டு 5 கோடியே 78 லட்சம் ரூபாயை எடுத்துவிட்டார்கள். சரியாக மூன்று மாதம் கழித்து, நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. 2018இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கும்பல் கைதானது. நோட்டே செல்லாது என்று அறிவிப்பு வரும் முடிவுக்கு எந்தத் திரைக்கதையும் துணியாது.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துச் சேலேம்பிரையில் 2007 டிசம்பர் இறுதியில் நடந்த வங்கிக் கொள்ளையில், கீழ்த்தளத்தை உணவகம் நடத்துவதாகச் சொல்லி வாடகைக்கு எடுத்து, மேல்தளத்து வங்கியின் தரையைத் துளைத்தார்கள். சுமார் 80 கிலோ தங்கமும் 50 லட்சம் ரூபாயும் போயின. ‘தூம்’ (2004) என்ற இந்திப் படத்தைப் பார்த்து எழுந்த யோசனை என்றது காவல்துறை. படத்தில் கொள்ளையைப் பகடி செய்யும் உரிமை படைப்பாளிக்கு உண்டு. கொள்ளை படத்தை நகலெடுத்தால் சிறைதான்.

மதிப்பீடு

குற்றவாளியைச் சிரிப்புக்குரியவனாக்கிக் குற்றத்தைச் சிறிதாக்குகிறார்கள் என்பது இவ்வகைமீது சொல்லப்படும் குறை. ‘சூது கவ்வும்’ முடிவில் தவறு செய்தவர்கள் தண்டனை பெறாததும் இந்தக் குறைக்கு இடம் தருகிறது. பெண் பாத்திரங்கள் மெலிந்திருப்பது மற்றொரு குறை. மனோரமாவின் சித்தி கதையையே தன் முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். 2013இன் இரண்டு படங்களிலும் பெண்களுக்கு அந்த இடம் இல்லை. ‘கோலமாவு கோகிலா’தான் அதை மீட்டது.

இருந்தும் தமிழ்ப் படத்துக்கு இவ்வகை செய்த உதவி தெளிவானது. ஒரே ஆளாக நூறு பேரை அடிக்கும் நாயகனுக்குப் பழகிய அரங்கில், தன் பங்கைக்கூடக் கைக்குக் கொண்டுவர முடியாத நாயகனை அது நிறுத்தியது. அவன் தோற்றபோது மக்கள் கைதட்டினார்கள். தமிழ்க் கொள்ளை நகைச்சுவை உண்மையில் உடைத்த பூட்டு வங்கியுடையது அல்ல. தோற்கவே கூடாது என்று நாயகனைச் சுற்றிப் போட்டிருந்த பூட்டு அது.